ஞானையாவின் வயிற்று நோட்டு

இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேடை என்கிறோம். அதில் வீற்றிருக்கும் டாக்டர் ஸ்ரீரங்கன் அவர்களே! மறைந்த ஞானையாவின் துணைவியார் செல்வமேரி அக்கா அவர்களே! மேடவாக்கம், கூடுவாஞ்சேரி என்று பஸ் மாறி வந்திருக்கும் பழைய நோயாளிகளே! பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு முறை உட்கார்ந்தும் எழுந்திருக்காத பொன்னுசாமியின் வணக்கம்.

வந்தவுடன் கூட்டத்தை எண்ணினேன். இருநூறு பேர். நான் செத்தால் இதில் பாதி வருமா? இரங்கல் கூட்டத்தில் பொறாமைப்படுகிறவன் உண்டா என்று கேட்பீர்கள். இதோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று டாக்டர் என்னைக் கூப்பிட்டு, ஞானையாவின் நோட்டு இனி உன் கையில் என்றார். அதை வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து வருஷம் நாங்கள் இருவரும் இந்த ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோபி அறையில் உதவியாளர்கள். நான் வயிற்றுக்குள் விடுகிற குழாயைக் கழுவுவேன். அவர் வாசலில் ஸ்டூல் போட்டு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுவார். பசித்தால் வலியா, தின்றால் வலியா, என்ன வேலை, புகையிலை உண்டா? அந்த நோட்டைப் பார்த்துத்தான் யாருக்கு முதலில் குழாய் விடுவது என்று டாக்டர் தேதி கொடுப்பார்.

எண்பத்திரண்டில் நோட்டில் பத்துப் பேரில் ஏழு பேருக்குக் குடல்புண். லாரி ஓட்டுகிறவர், கல் உடைக்கிறவர், பசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பலர் ஆபரேஷன் தையலோடு திரும்புவார்கள். நல்ல மாத்திரை வந்தது, புண் குறைந்தது, கத்தி ஓய்ந்தது. அந்த இடத்துக்குக் காலனிகளிலிருந்து தொந்தியும் டிபன் பாக்ஸுமாக ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். என் தொந்தியும் அதில் சேர்த்தி. சோறு விழுங்க விடாத புற்று மட்டும் குறையவே இல்லை. இந்த மாற்றத்தை முதலில் கண்டது எது? ஞானையாவின் நோட்டு! டாக்டர் அதை மாநாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி வந்து ஞானையாவுக்கு ஒரு பேனா கொடுத்தார். எனக்குக் கை கொடுத்தார். அதுவும் ஈரக் கை என்று துடைத்துக்கொண்டார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? என் மகள் சொன்னாள்: "அப்பா, ஞானையா அங்கிள் கேட்டா பாதி வலி போயிடுதாம். நீங்க கேட்டா இல்லாத வலியும் வருதாம்."

தொண்ணூற்றொன்றில் தங்கை கல்யாணத்துக்கு அவர் நான்கு நாள் லீவு போட்டார். நோட்டு என் கையில். அவரைவிட வேகமாக முடித்துக் காட்டுகிறேன் என்று கூடத்தின் நடுவில் நின்று கேட்டேன்: "யாருக்கெல்லாம் நெஞ்சு எரியுது? கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். டீ வருவதற்குள் முப்பத்தாறு பேரை எழுதிவிட்டேன்.

ஞானையா வந்தார், நோட்டைப் புரட்டினார்.

"இன்னா பொன்னுசாமி, ஒரே நாள்ல ஊருக்கே நெஞ்சு எரிஞ்சுகீது?"

டாக்டரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனால் நான் எழுதியவர்களை மறுபடி கேட்கச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். ஒன்பது நாளில் முப்பத்தாறு வீடு. மேடவாக்கத்தில் செல்லியம்மாளிடம் கேட்டபோது அந்த அம்மா சொன்னாராம்: "எரிச்சல் இல்ல தம்பி. சோறு எறங்கல, ரெண்டு மாசமா கஞ்சிதான். பக்கத்துல இருந்தவங்க தூக்கினாங்க, நானும் தூக்கினேன்."

நெஞ்செரிச்சல் என்று நான் எழுதியதற்கு அந்த அம்மாவுக்குக் கிடைத்த தேதி ஆறு வாரம் தள்ளி. ஞானையா மறுநாளே அழைத்து வந்தார். புற்று. வெட்டி எடுக்கிற அளவில் இருந்தது. ஆறு வருஷம் ஆகிறது. செல்லியம்மாள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, அன்றைக்குக் கூடத்தில் கத்தியவன் நான்தான்.

காட்டிக்கொடுத்திருந்தால் அவரை வெறுத்திருக்கலாம். அந்த வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் ஆறு வருஷம் பொறாமைப்பட்டேன்.

டாக்டர் சார், இது உங்களுக்குப் புதுச் செய்தி. கேட்ட பிறகும் நோட்டை என்னிடம் கொடுப்பதானால், நாளை காலை எட்டு மணிக்கு அவருடைய ஸ்டூலில் உட்காருவேன். ஒவ்வொருவராகக் கேட்பேன். டீ ஆறினால் ஆறட்டும்.

ஞானையா, கை தூக்கச் சொல்ல மாட்டேன்.