தார் ரோட்டுல கோடு விழாது

ஹாரன் அடிச்சதுக்கு மன்னிப்பெல்லாம் எதுக்குங்க தம்பி? திருப்பத்துல அடிக்காம வேறெங்க அடிப்பீங்க? அதுக்கோசரம் காரை ஓரங்கட்டிட்டு எறங்கி வேற வந்துட்டீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. சும்மா நிக்கறேன். காத்து நல்லா வருதில்லீங்களா, அதான்.

நடு ரோடா? எங்கீங்க, இது ஓரந்தானே. சரி, கொஞ்சம் நடுவாத்தான் இருக்குது. இந்நேரத்துக்கு இந்தப் பக்கம் பஸ் வராதுங்க. பைக்குல வர்ற பசங்க ஒதுங்கிப் போயிருவானுங்க.

கையா? அது ஆடட்டும் உடுங்க. நடுக்குவாதமுங்க. டாக்டர் பார்க்கின்சன்னு சொல்லுவாரு. அஞ்சாறு வருசமாச்சு. எங்கிட்டக் காப்பி டம்ளரைக் குடுத்தாப் போதும், ஆத்தவே வேண்டாம், தன்னால ஆறிரும்.

கார்லயா? ஐயோ, வேண்டாங்க சாமி. ஏறுனா எல்லாம் கெட்டுது. இன்னைக்கு நான் நடந்தேதான் போகணும். அதுல ஒரு பந்தயம் இருக்குதுங்க.

சொல்றேன் இருங்க. ஞாயித்துக்கிழமையானா நாங்க ஒரு கூட்டம் எங்க காட்டுக்கு நடந்து போவோம். இங்கிருந்து ரெண்டு திருப்பம், அப்புறம் மண் பாதை, எறங்குனா ஓடை. ஓடையோரம் அடுப்புக் கூட்டி, குச்சிக்கெழங்கு வேகவெச்சு, மீன் கொழம்பு ஊத்தித் தின்னுட்டு, வெயில் தாழ ஊடு திரும்பறது. கூட்டம்னா ஏதோ கட்டுமஸ்தான ஆளுங்கன்னு நினைச்சுக்காதீங்க. எங்க நாத்தனா பூங்குழலிக்கு இழுப்பு. வாயில வெச்சு உறிஞ்சற மருந்தை இடுப்புலயே சொருகி வெச்சிருப்பா. அப்படியும் அடுப்பை நாந்தான் ஊதுவேன்னு சண்டைக்கு வருவா. பக்கத்துக் காட்டு சுப்பண்ணனுக்குச் சக்கரை. கெழங்கு எனக்கு ஒரே துண்டு போதும்னு ஊருக்கே கேக்கறாப்ல சொல்லிட்டு, அந்த ஒரு துண்டை முழங்கை நீளத்துக்கு வெட்டிக்குவாரு.

எங்களுக்குள்ள ஒரு பழக்கமுங்க. மூச்சு வாங்குது, முடியலைன்னு ஆரும் வாயத் தொறக்கக் கூடாது. முடியலைன்னா நின்னு, அட, மொளகு எப்படிக் காய்ச்சிருக்குது பாருன்னு சொல்லணும். உடனே எல்லாரும் நின்னு அண்ணாந்து பாப்போம். வழி பூரா மரத்துக்கு மரம் மொளகுக்கொடிதானே, பஞ்சமில்லை. காய்க்காத மாசத்துலயும் பாப்போம். போன வாரம் சுப்பண்ணன் ஒரு கரண்ட் கம்பத்தை அண்ணாந்து பாத்து, நல்ல காய்ப்புங்கறாரு. நாங்களும் ஆமாமான்னு நின்னோம்.

எனக்கு வர்றது மூச்சில்லீங்க, காலு. நல்லா நடந்துக்கிட்டே இருப்பேன், பொசுக்குனு பாதம் தரையோட ஒட்டிக்கும். வலி கிலி ஒண்ணுமில்லை. நட, நடன்னு மனசு கத்தும். காலுக்குக் காது கேக்காது. குறுக்க ஏதாச்சும் இருந்து, அதைத் தாண்டணும்னா மட்டும் சட்டுனு எந்திரிச்சுக்கும். மண் பாதையில பூங்குழலி குச்சியால குறுக்க ஒரு கோடு இழுப்பா. தாண்டிப் போயிக்கிட்டே இருப்பேன். டாக்டர் சொல்லிக்குடுத்த வித்தைதான். சமமா இருந்தா நடக்கத் தெரியாது, தடை இருந்தாத்தான் தெரியும். என்ன காலோ!

இந்தக் கோடெல்லாம் வர்றதுக்கு முந்தி எங்க ஊட்டுக்காரரு காலுதானுங்க. பேரு அர்த்தனாரி. பாருங்க, பேரைச் சொல்லிட்டேன். நான் ஒட்டிக்கிட்டு நின்னாப் போதும், முன்னால வந்து காலைக் குறுக்க நீட்டுவாரு. ஒருத்தர் காலை ஒருத்தர் தாண்டலாமுங்களா? தாண்டுனா வளத்தி நின்னுரும்னு கொழந்தையைக்கூடத் தாண்ட உட மாட்டோம். அதுலயும் புருசன் காலை! மொத தடவை மாட்டவே மாட்டேன்னு நின்னேன். நிக்காம வேறென்ன பண்ண, நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். தாண்டு புள்ளே, நான் இனி வளந்து என்ன பண்ணப் போறேன்னாரு.

ஒருக்கா சந்தைக்குள்ளயே ஒட்டிக்கிச்சு. அத்தனை சனம் பாக்க அவரு நீட்ட, நான் தாண்ட, தாண்டிக் குனிஞ்சு அவரு காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்க, கூடைக்காரப் பொம்பளை ஒருத்தி என்ன வேண்டுதலுங்கன்னு கேட்டுட்டா. அவரு அசரலையே. ஆமாங்க, எங்காலு இருக்கற வரைக்கும் நீட்டறதா வேண்டிருக்குதுன்னாரு.

இல்லீங்க, இப்ப இல்லை. போன தைப்பொங்கல் நோம்பிக்கு முன்னாடி போயிட்டாரு. நெஞ்சு. அது கெடக்குது உடுங்க.

பந்தயத்துக்கு வாரேன். எங்க பையன் கார்த்தி சேந்தமங்கலத்துல கடை வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை மலையேறி வந்துருவான். போன மாசம் இதே தார் ரோட்டுல நான் ஒட்டிக்கிட்டு நிக்க, லாரி ஒண்ணு வந்துருச்சு. லாரிக்காரரு பாத்து நிறுத்திட்டாரு. எம்பையன் மூஞ்சிதான் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போச்சு. அம்மா, இன்னொருக்கா நீ ரோட்டுல நின்னதைப் பாத்தேன், அத்தோட சரி, ஞாயித்துக்கிழமை நீ ஊட்டுல இரு, சோத்தை டிபன் கேரியர்ல கொண்டாந்து தர்றோங்கறான். தப்பாச் சொல்லலீங்க. அப்பனைப் பறிகுடுத்தவன், பயப்படறான். ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, கேரியர்ல கொழம்பு வரும், ஓடை வருமுங்களா? சுப்பண்ணனோட கரண்ட் கம்பம் வருமா?

அதான் இன்னைக்கு நான் தனியா நடந்து காட்டறேன்னுட்டேன். கோடு இழுக்கக்கூட ஆரும் வேண்டாம்னு பூங்குழலியையும் சுப்பண்ணனையும் முன்னால தொரத்தி உட்டுட்டேன். ரோசம்! கார்த்தி மீன் சட்டியைத் தூக்கிக்கிட்டு மருமவ சுமித்ராவோட பின்னால வாரான். கேக்குதுங்களா? கீழ்த் திருப்பத்துல, சட்டி மூடி குலுங்கற சத்தம். அவந்தான்.

நெழலுக்கா? வேண்டாங்க, இந்த வெயிலு ஒடம்புக்கு நல்லது. தண்ணியும் வேண்டாம், குடிச்சேன்.

தம்பி, ஒரு ஒதவி பண்ணுவீங்களா? கார்ல ஏத்தறது இல்லீங்க. உங்க ஹாரன் சத்தத்துக்குத் திடுக்குனு நின்ன காலு, இன்னும் கெளம்பலீங்க. உங்க மேல தப்பில்லை, அது அப்படித்தான். பேசிக்கிட்டே இருந்தாத் தன்னால கெளம்பிக்கும்னு பாத்தேன். காத்தெல்லாம் வாங்கலீங்க.

குச்சி தேடறீங்களா? அதுக்கு நேரமில்லை, மூடிச் சத்தம் கிட்ட வந்துருச்சு. தார் ரோட்டுல கோடு வேற விழாது. உங்க காலை... ஆமாங்க, எனக்கு முன்னால. குறுக்க. செருப்பைக் கழட்ட வேண்டாம். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நீட்டுங்க. கூச்சப்படாதீங்க, நீங்க மட்டும் இனி வளரவா போறீங்க?

ம்ம்... ஹப்பாடி. வந்துருச்சு.

குனிஞ்சு தொட்டுக் கும்பிட்டா மறுபடி நின்னுக்குமுங்க, மனசுல கும்பிட்டுக்கறேன். அவருக்கப்புறம் நான் தாண்டுன மொத காலு உங்களுது.

வாரேன் தம்பி. திரும்பிப் பாக்காமப் போறேன், திரும்புனாலும் நின்னுரும். கார்த்தி கேட்டா, வழி கேட்டேன்னு சொல்லிருங்க. அப்படியும் அவன் நம்பலைன்னா, அண்ணாந்து அந்த மொளகுக்கொடியைப் பாருங்க. அவனும் நின்னு பாப்பான்.