பாத்தி ஓரத்துக்கு எவ்வளவு கல்

சரளைக்கல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அகலத்தில்தான் பிழை விடுவார்கள். நீளத்தை நாடா பிடித்து அளப்பார்கள். ஆழத்தைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அகலத்தை மட்டும் கண்மட்டத்துக்கு விட்டுவிட்டு, பாதி வேலையில் கல் போதாமல் திரும்ப ஓடுவார்கள். நீங்கள் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

இல்ஃபோர்ட் வீட்டில் நானும் அக்கா சிவனேஸ்வரியும்தான். நான் கல்யாணம் கட்டவில்லை. அத்தான் தவறிய பிறகு அக்கா என்னோடு வந்து இருந்தார். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து எந்த நேரம் வந்தாலும் சோறும் சொதியும் சூடாக இருக்கும். "சாப்பிடன்ரா, முகம் வாடிப் போச்சு" என்று பின்னால் ஒரு குரல் இருக்கும். அது எனக்குப் பழகிவிட்டது.

வசந்தத்தில் அவருடைய மகள் மேனுஷாவுக்கு டொரொன்டோவில் குழந்தை பிறந்தது. "அம்மா, இஞ்ச வந்து எங்களோடயே இருங்கோ" என்று போனில் கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். "பாப்பம் பிள்ளை" என்றார்.

அந்தப் 'பாப்ப'த்தோடு எனக்கு அந்தரம் பிடித்தது. இருந்தால் எழும்பச் சொல்லும், எழும்பினால் நடக்கச் சொல்லும். வேலையில் நின்றபடி வீட்டுக்குப் போன் எடுப்பேன். "என்ன செய்யிறியள்?" "சும்மா இருக்கிறன். ஏன்ரா?" வைத்துவிட்டுத் திரும்பவும் எடுப்பேன். தெருவில் யாராவது சூட்கேஸ் இழுத்துப் போனால் படுக்கையை விட்டு எழுந்து மாடிப்படியில் போய் நிற்பேன். போகாதேயுங்கோ என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. கேட்ட பிறகும் போய்விட்டால் நான் என்ன செய்வது?

அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதங்களில் உணர்ச்சி இல்லை. ஒருமுறை கண்ணாடித் துண்டு ஏறியதை, கார்ப்பெட்டில் இரத்தம் கண்டுதான் அறிந்தார். கால் கிளினிக்குக்கு மொழிபெயர்க்க நான்தான் கூடப் போவேன். கடைசியாகப் போனபோது தாதி ஒன்றை அழுத்திச் சொன்னார்: வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, தெரியாமல் ஒரு சின்னக் காயம் பட்டாலும் காலே போகலாம். "என்னவாம்?" என்று அக்கா கேட்டார். "கால் நல்லா இருக்காம்" என்றேன். அவர் "முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

விடிய முழுகிவிட்டு, சாமிக்குப் பூப் பறிக்க அக்கா தோட்டத்துக்குப் போவார். சாமிப் பூவைச் செருப்புக் காலோடு தொடமாட்டார். வேலியோரம் ரோஜாவும் டாலியாவும். புல்லுக்கும் பூப்பாத்திக்கும் இடையில் மண் கரைந்து அலங்கோலமாகக் கிடந்தது. அதற்கு ஓரம் கட்டிக் கல் போடுவது எங்கள் தெருவில் எல்லாரும் செய்கிற வேலை. "போடன், வடிவா இருக்கும்" என்று அக்காவே சொன்னார்.

குசினி ஜன்னலில் நின்று அவர் கால் வைப்பதைச் சில நாள் பார்த்தேன். கல் போடும் அகலம் நாற்பது சென்ரிமீற்றர் என்றால் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவார். ஆகவே எண்பது. நீளம் ஒன்பது மீற்றர், ஆழம் ஐந்து சென்ரிமீற்றர். பெருக்கினால் கன மீற்றரில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல், எடையில் அறுநூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இருபது கிலோ மூட்டையில் இருபத்தொன்பது.

கடைக்காரர் சிரித்தார். பாத்தி ஓரத்துக்கு இதில் பாதி காணும் என்றார். உருண்டைக் கல்லா, உடைத்த கல்லா என்று கேட்டார். ஆட்கள் நடக்கிற இடமென்றால் உருண்டைதான் நல்லது, உடைத்தது காலை வெட்டும் என்றார். ஒருவரும் நடப்பதில்லை, உடைத்ததையே தாருங்கள் என்றேன்.

"இதில நடக்க ஏலுமோடா?" என்று அக்கா கேட்டார். "ஓம் அக்கா, ஒண்டும் செய்யாது" என்றேன். அவர் நடந்தார்.

வலது பெருவிரலுக்குக் கீழே வந்த காயத்தை நான்தான் முதலில் கண்டேன். கதிரையில் அவர் அயர்ந்திருந்தபோது. சின்னக் காயம். பிளேன் ஏறவேண்டாம் என்று டொக்டர் சொல்வதற்கு அது போதும் என்று நினைத்தேன். பேசாமல் ஒரு சோடி காலுறை வாங்கிக் கொடுத்தேன். காயத்தில் அழுகல் மணம் வந்த அன்று அம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேனுஷா பறந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து நேரே தோட்டத்துக்குப் போய், ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேட்டாள். உங்களுக்குச் சொன்னது போலவே அவளுக்கும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அப்படியே புல்லில் குந்திவிட்டாள். "மாமா, அம்மா வரமாட்டன் எண்டு எனக்கு அப்பவே சொல்லிப்போட்டா. தம்பி தனிச்சுப் போவான் எண்டவ." அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் எடுத்தாள்.

அக்கா அப்படிச் சொல்லியிருப்பார். அவருடைய குணம் எனக்குத் தெரியும். ஆனால் பேரப்பிள்ளையின் முகத்தைப் போனில் பார்க்கப் பார்க்க மனம் மாறாது என்று யார் சொல்வது? இப்போது எனக்கு அந்த அந்தரம் இல்லை. இரவில் படுத்தவுடன் நித்திரை வருகிறது.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அக்காவை வீட்டுக்கு விடுவார்களாம். முன் அறையில் கட்டில் போட்டு, படுக்கையும் விரித்து வைத்திருக்கிறேன். என்னை இங்கே அதிக நாள் வைத்திருக்காதீர்கள். அக்காவைப் பார்க்க என்னை விட்டால் வேறு ஆளில்லை.