தொட்ட ஆளை மட்டும் விடும் நாய்

"கேட்டைத் தொறக்காத செல்வி! அது உன்னக் கடிச்சிடும்!"

கடப்பாக்கம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மா போனில் கத்தினார். ஸ்பீக்கரில் அவருடைய பக்கத்து வீட்டுச் செல்வியின் குரல் கேட்டது.

"உங்க வூட்டு அண்ணன் ஏணிலேர்ந்து வுழுந்து கேட்டுக்கு உள்ளாண்டயே கெடக்குறாருக்கா. காலு மடங்கிகினு கீது. உங்க ராட்வீலரு நாயி என்னப் பாத்து உறுமிகினே கீது."

"எங்க வூட்டுக்காரரு தொட்டுக் கூட்டினு வர்ற ஆளத்தான் அது உள்ள வுடும். அப்டித்தான் பழக்கி வெச்சிகீறாரு. கம்பி வழியா கைய நீட்டு. அவரைப் புடிக்கச் சொல்லு."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"புடிச்சிட்டாருக்கா."

"இப்ப மெதுவாத் தொற. கைய வுடாத."

கேட் கிறீச்சிட்டது. "உள்ள வந்துட்டேன். மோந்து பாக்குது. ஒண்ணும் பண்ணல."

"உங்க வூட்ல கீறது நாய் இல்லம்மா, செக்போஸ்ட்டு!" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ஆட்டோ வந்துட்சிக்கா. டிரைவர் கையையும் அண்ணன் தொட்டுட்டாரு. ரெண்டு பேருமா தூக்குறோம்."

உடனே போன் முழுக்கக் குரைப்பு. "அய்யோ, வழிய மறிச்சி நிக்குதுக்கா! அண்ணனை வெளிய எடுத்தாரவே வுடல!"

அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"உள்ள வர்றவங்களுக்குத்தான் பழக்கினாரு. அவரையே ஒருத்தரு தூக்கினு போவாங்கன்னு யாரு நெனச்சா? கீழ வெச்சிடு செல்வி, கீழ வெச்சிடு!"