முன் தண்டும் முழு மிளகும்

மார்கழிப் பொங்கலில் மிளகை முழுதாகத்தான் போட வேண்டும். பொடித்துப் போட்டால் அது ஓட்டல் பொங்கல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். அண்ணா வயிற்றில் முழு மிளகு இருந்தது என்று டாக்டர்கள் என்னவோ அதிசயத்தைக் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறார்களாம். கோயில் பிரசாதத்தில் வேறு என்ன இருக்கும்?

என் பெயர் ஸ்ரீராமன். திருவள்ளூரில் உற்சவப் பெருமாளைத் தோளில் சுமப்பது எங்கள் குடும்பத்துக் கைங்கர்யம். பல்லக்கின் முன் தண்டு அண்ணா பராசரனுடையது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவருக்குக் கணக்கு வேலை கிடைத்தது. கேன்டீன் போண்டா அவரை ஊதிப் பெருக்க வைத்தது. ஒரு உற்சவத்தில் நாலு வீடு தாண்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கி, பெருமாள் ஊஞ்சல் மாதிரி ஆடினார். அன்றைக்கு அண்ணாவை விலக்கிவிட்டு என்னை முன்னால் நிறுத்தினார்கள்.

இப்போது எல்லோரும் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். பெருமாளோடு முன் தண்டுக்காரன் முகமும் உலகமெல்லாம் போகிறது. பின் தண்டு பிடிப்பவனை அவன் பெண்டாட்டிகூடத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வயதுவரை என்னைப் ‘பராசரன் தம்பி’ என்று கூப்பிட்ட ஊர் அதற்குப் பிறகுதான் ஸ்ரீராமன் என்றது. அது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

போன கார்த்திகைக் கடைசியில் அண்ணா எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டார். “சித்திரை உற்சவத்துக்குள்ள இளைச்சுடுவேன்டா. தண்டை எனக்குக் குடுத்துடு” என்றார். இரவல் குடையைத் திருப்பிக் கேட்பதுபோல இருந்தது. நானும் சரி என்றேன்.

ஆஸ்பத்திரியில் விக்டோரியா என்று ஒரு உணவு ஆலோசகர். அண்ணாவின் மனைவி ஹம்ஸா மன்னியும் நானும்தான் அவர் முன்னால் உட்கார்ந்தோம். “வயித்தைச் சின்னதா வெட்டித் தச்சிருக்கு. தையல் ஆறுற வரைக்கும் தண்ணியா இருக்கறதுதான் குடுக்கணும். கெட்டியா போனா தையல் விட்டுடும். உயிருக்கே ஆபத்து” என்றார். பொங்கல் என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். அக்காரவடிசல் என்றேன். சிரித்தார். என்ன அறிகுறி தெரிந்தால் அவசரமாக அழைத்துவர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். காய்ச்சல், படபடப்பு, இடது தோளில் வலி. வயிற்றுக்குள் கசிந்தால் தோளில் வலிக்குமாம். “இவ்ளோ அக்கறையா கேக்கற தம்பிய நான் பாத்ததே இல்ல” என்று மன்னியிடம் சொன்னார். மன்னிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் பட்டினி வைபவம் தொடங்கியது. உணவு அட்டவணையில் முட்டை வெள்ளைக்கரு என்று போட்டிருந்ததை மன்னி அடித்துவிட்டு, பருப்புத் தண்ணீரை வடிகட்டினாள். புரோட்டீன் மாவைக் கரைத்தாள். ஒரே மூச்சில் எட்டுப் பூரி சாப்பிட்ட மனிதர், மருந்து மூடியில் ரசத் தெளிவை வாங்கி, ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதுவும் உண்மைதான்.

விடியற்காலை பிரசாதத்தோடு போவேன். எங்கள் வீட்டில் காய்ச்சலில் கிடந்தவர்கூடப் பிரசாதத்தை மறுத்ததில்லை. மன்னி மட்டும் தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் வைத்துவிடுவாள். ஆகவே அவள் குளிக்கப் போகும்வரை காத்திருப்பேன்.

“பெருமாள் அனுப்பிச்சிருக்கார் அண்ணா. நாக்குல வெச்சுக்கோங்கோ.”

முதலில் ஒரு பருக்கை. பிறகு ஒரு விரல் நுனி. பிறகு ஒரு ஸ்பூன். ஒரு நாள் வாந்தி எடுத்தார். பிரசாதத்தை வெளியே தள்ளிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அபசாரம் என்று பயந்து மன்னியிடம் அதைச் சொல்லவே இல்லை. அவரைப்போல ஒத்துழைத்த நோயாளி கிடையாது.

ஒருமுறை அவருடைய கம்பெனி நண்பர் தணிகாசலம் பழக்கூடையோடு வந்து பார்த்துவிட்டார். “இன்னா சாமி இது? தண்ணிதான குட்க்க சொல்லிக்கிறாங்க? சாமி சோறுன்னு வவுத்துக்கு இன்னா தெரியும்?” என்றார். ஆபரேஷன் செய்தவனுக்குப் பழக்கூடை கொண்டுவந்தவர் கேட்ட கேள்வி இது. நான் சிரித்துக்கொண்டேன். ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதும் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி அன்று பொங்கலும் அக்காரவடிசலும் இரண்டு தொன்னைகளில் கொண்டுபோனேன். நெய் மிதந்தது. அண்ணா அழுதுகொண்டே சாப்பிட்டார். ஆனந்தக் கண்ணீர்தான். மத்தியானம் இடது தோள் வலிக்கிறது என்றார். மன்னி பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள்.

“அது தண்டு தூக்கின தோள் மன்னி. பழைய வலி. நான் தைலம் தேய்க்கறேன்” என்றேன். அவளுக்கு என் அக்கறையின் மேல் நம்பிக்கை இருந்தது. போனைக் கீழே வைத்தாள்.

இருட்டும்வரை தேய்த்தேன். உடம்பு கொதித்தது. தைலத்தின் சூடு என்றேன். “பெருமாள் தண்டை ஞாபகப்படுத்தறார்டா” என்றார் அண்ணா. ஆமாம் அண்ணா என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. போஸ்ட்மார்ட்டம் செய்துதான் உடம்பைக் கொடுத்தார்கள்.

அண்ணாவுக்கு ஒரே பெண். ஆகவே நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது நான்தான். யாரும் வீடியோ எடுக்கவில்லை. பின்னால் சுமந்தவர்கள் நல்ல லேசாக இருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ஆபரேஷன் நன்றாகவே வேலை செய்திருந்தது.

தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் தேய்த்தேன். அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொள்ளி வைத்துக் கர்மா செய்தவன் ஒரு வருஷம் பெருமாளைத் தோளில் ஏற்றக் கூடாது. சாஸ்திரம் தெரிந்த வீட்டில் பிறந்தும் இதை யோசிக்காமல் விட்டேன். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சித்திரை போனால் போகட்டும். அடுத்த சித்திரைக்குள் வருஷம் கழிந்துவிடும். கோயில் பக்கம் போனால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் சார். முன் தண்டை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டாம்.