வாய்க்கால் தெரு முனைக்கு ஒரு பலகை

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் நெடுமாறன் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் தர்மாம்பாள் அம்மா அவர்களே, வாய்க்கால் தெரு மக்களே, வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஐயாவின் மனுக்களை எழுதியவள் என்பதால் என்னை அழைத்தார்கள். எழுதிக்கொண்டு வந்ததைப் படிக்கிறேன்.

சாலைப் பணியாளர் தங்கையன் ஐயா முப்பத்தோரு ஆண்டுகள் சாலையோரம் பலகை நட்டவர். திருவையாற்றிலிருந்து திருவாரூர் வரை வளைவு, வேகத்தடை, பள்ளிக்கூடம் என்று நம்மை எச்சரிக்கும் பலகைகளில் எத்தனை அவர் குழி தோண்டி நட்டவை! அப்படிப்பட்டவருக்குத் தன் தெரு முனையில் 'வாகனங்களை நிறுத்தாதீர்' என்று ஒரே ஒரு பலகை நட அனுமதி கிடைக்கவில்லை.

நம் தெருவுக்கு வழி ஒன்றுதான். அறுவடை தொடங்கினால், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்ற வரும் லாரிகள் அந்த முனையில்தான் நிற்கும். போன தாளடி அறுவடையில் அம்சவல்லி அக்காவைப் பிரசவ வலியோடு பெஞ்சில் வைத்து ஆம்புலன்ஸ் வரை தூக்கிச் சென்றோம். அன்று மாலையே ஐயா எங்கள் வீட்டுக்கு வந்து, "எழிலு, ஒரு மனு எழுதும்மா" என்றார்.

ஊராட்சி அலுவலகம் சாலைத்துறையைக் கேட்கச் சொன்னது. சாலைத்துறை காவல் நிலையத்தைக் கேட்கச் சொன்னது. காவல் நிலையம் ஊராட்சியின் ஆட்சேபணையில்லாச் சான்று கேட்டது. ஊராட்சியிலோ, முதலில் காவல் நிலையம் எழுதித் தரட்டும் என்றார்கள். இப்படி ஏழு மனு. ஒருநாள் திரும்பும் வழியில் ஐயா சொன்னார்: "ரோடு யாருதுன்னு கேட்டா மூணு ஆபீஸும் எங்களுது இல்லங்குறாங்க. ரெண்டடி குழி தோண்டிப் பாரு, மூணு பேரும் ஓடியாந்துருவாங்க."

நாமே நட்டுவிடலாம் என்று தெருப் பிள்ளைகள் இரும்புக் குழாய்கூட வாங்கி வந்துவிட்டார்கள். ஐயா சம்மதிக்கவில்லை. "அனுமதி இல்லாத பலகை எத்தனைய நானே புடுங்கிப் போட்டுருக்கேன். என்னோடத மட்டும் எப்புடி நடுவேன்?"

விதியை இவ்வளவு மதித்தவரை அந்த விதியைக் காப்பவர்கள் எப்படி நடத்தினார்கள்? ஏழாவது மனுவுக்குச் செல்பேசியில் பதில் வந்தது: 'தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.' என்ன நடவடிக்கை? யார் எடுத்தது? தெரு முனைக்கு ஒருவராவது வந்து பார்த்தாரா?

அந்தச் செய்தி வந்த ஒன்பதாம் நாள் ஐயாவுக்கு நெஞ்சுவலி. முனையில் இரண்டு லாரி, ஓட்டுநர்களைக் காணவில்லை. ஐயாவையும் பெஞ்சில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சில்லை. வழி திறந்திருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமலே போய்விட்டதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாளை திங்கட்கிழமை. குறைதீர் கூட்டத்தில் எட்டாவது மனுவை என் பெயரில் கொடுக்கப் போகிறேன். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அனுமதி வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் போவோம்.

இனிச் சொல்வது இந்தத் தாளில் இல்லை. தலைவர் அவர்களே, ஐயாவின் விருப்பத்தை நிறைவேற்றுவேன் என்று சற்று முன் பேசினீர்கள். இரங்கலுக்கு வந்த நான்கு கார்கள் இப்போது தெரு முனையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. முதலில் நிற்பது உங்களுடையது. தயவுசெய்து எடுக்கச் சொல்லுங்கள். வழி திறந்த பிறகு, எல்லோரும் எழுந்து நின்று ஐயாவுக்கு மௌன அஞ்சலி செலுத்துவோம்.