பச்சை விளக்கு

எனக்கு லிஃப்ட் பிடிக்காது, ஐயா. படியில் ஏறினால்தான் எந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று தெரியும். "காதைக் கழட்டி சுவத்துல மாட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி கேலி செய்வாள். அக்கம்பக்கம் என்றால் விசாரிக்கத்தானே வேண்டும்.

எங்கள் குடியிருப்பின் வாசல் கதவு கைரேகை பார்த்துத் திறக்கும். அந்தக் கணினியைக் கவனிப்பவன் நான். அதில் டேபிள் என்று இரண்டு பட்டியல்கள்: வீட்டுக்காரர்கள் ஒரு டேபிளில், உள்ளே விடக்கூடாதவர்கள் இன்னொன்றில். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் இரண்டிலும் இருந்தார். வீட்டுப் பத்திரம் அவர் பேரிலும் இருந்ததால் முதலாவதில். கோர்ட் உத்தரவால் இரண்டாவதில். அவர் விரல் வைத்தால் சிவப்பு விளக்கு எரியும்.

வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்தப் பெண் என் வாசலில் நிற்பாள். "அண்ணா, அவர் பேர் இருக்குல்ல?"

"கல்வெட்டு மாதிரி இருக்கும்மா" என்பேன். அதற்குப் பிறகுதான் சாவியை எடுப்பாள்.

கதவு திறக்கத் தாமதமாகிறது, மழையில் நிற்கிறோம் என்று எல்லோரும் புலம்பினார்கள். யார் விரல் வைத்தாலும் தடை டேபிளில் ஒரு குறிப்பு எழுதும்படி எந்தப் புண்ணியவானோ அமைத்திருந்தார். நான் அதை 'அன்லாக்டு', அதாவது பதிவேடு இல்லாத, டேபிளாக மாற்றினேன். எழுதுவதை லாக் என்ற பதிவேட்டில் குறித்து வைக்காது, அதனால் வேகம். முறையாக நிறுத்தி எழுப்பினால் ஒன்றும் ஆகாது. பட்டென்று மின்சாரம் போனால் மட்டும், எழும்போது டேட்டாபேஸே அந்த டேபிளைத் துடைத்துவிடும். மாற்றுக் கணினிக்கு அந்தப் பதிவேடு வழியாகத்தான் எல்லாம் போகும். பேக்கப் எடுப்பதும் அங்கிருந்துதான். ஆக, அங்கேயும் கூடு இருக்கும், குருவி இருக்காது. இது எனக்குத் தெரியும்.

கணவர் வாசலுக்கு வெளியே நின்று என்னிடம் அழுதார். "ஒரே ஒரு தடவை பேசணும்ண்ணே. அவ என்ன சொல்றான்னு நீங்களே கேளுங்க."

அதுவரை நான் கேட்டிருந்தது ஒரு பக்கக் கதைதான். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

நேற்று மாலை சர்வரின் வயரை உருவி, மறுபடி செருகினேன். எழுந்தது. தடை டேபிளைத் திறந்து பார்த்தேன். ஒரு பெயரும் இல்லை.

அவள் வந்தாள். வழக்கம்போல் கேட்டாள். "இருக்கும்மா" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் படியேறி வந்து எனக்கு வணக்கம் வைத்தார், ஒரு கையால். மற்ற கை சட்டைக்குள் இருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான்.

சுவரில் காதை வைத்தேன். அவர்கள் பேசவே இல்லை, ஐயா. "அண்ணா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அசைந்தால் அடுத்தது காதில் விழாது.

கதவைத் திறந்தது டேட்டாபேஸ். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பக்கத்து அறையில்தானே விசாரிக்கிறீர்கள்? என்ன சொல்கிறார்? நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.