கருகின ஓரம்

— அந்தக் கம்பியைக் கீழ வைங்க. அடுப்பு எங்கயும் ஓடிப்போயிடாது.

— பதினொன்னரைக்குக் கடை திறக்கணும்டி. இன்னும் அம்பது கம்பிக்குக் கறி கோத்தாகணும். நீ ஏன் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகாம இங்க வந்து நிக்கிற?

— டாக்டர் போன் பண்ணினாரு. உங்க ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு.

— வந்துடுச்சா? சுத்தமா இருக்குமே! நான்தான் சொன்னேனே, ஒண்ணும் இருக்காதுன்னு. இந்தா, இந்தக் கருகின ஓரத்தை வாயில போடு. இதுலதான் ருசியே இருக்கு.

— விளையாடாதீங்க. நாலுக்குள்ள இருக்கணுமாம். உங்களுக்கு இருபத்தாறு.

— எது இருபத்தாறு?

— பி.எஸ்.ஏ. உங்க அப்பாவைக் கொண்டுபோச்சே, அதே ப்ராஸ்டேட் சமாச்சாரம். புற்றுநோய்னு இன்னும் முடிவா சொல்லல. ஸ்கேன் எடுக்கணுமாம், துளி சதை எடுத்துப் பாக்கணுமாம். ஆனா அவர் குரலே சரியில்லைங்க.

— ரிப்போர்ட்ல... என் பேருதான் இருக்கா?

— வேற யார் பேரு இருக்கும்? பேரு, வயசு அம்பத்தி நாலு, எல்லாம் சரியா இருக்கு. இப்ப மூஞ்சி வெளுத்து என்ன பிரயோஜனம்? இருபது வருஷமா தலைதலையா அடிச்சுக்கிட்டேன். மூணு வேளையும் கறி, கொழுப்பு, அடுப்புல ஒட்டின கரியைக்கூடச் சுரண்டித் தின்னாச்சு. காய்ன்னா மட்டும் மூஞ்சி அஷ்டகோணலாப் போகும்.

— கறியாலதான்னு டாக்டர் சொன்னாரா?

— அடிச்சுச் சொல்ல முடியாதாம். கருகினது, கொழுப்பு எல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டலாமாம். அதைவிட அப்பாவுக்கு இருந்ததுதான் பெரிய விஷயமாம். என் மனசு கேக்கலையே! கடைசி எட்டு மாசம் மூத்திரக் குழாயைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தாரே, அதை நான்தானே பாத்தேன். உங்க தம்பியும் அதே அப்பாவுக்குப் பொறந்தவர்தான். இந்தக் கறிக்கடைக்குள்ளயே தனிச் சட்டி, தனிக் கத்தி வச்சு, தக்காளியும் கீரையுமா வேகவச்சுத் தின்னு, எப்படிக் கம்பு மாதிரி நிக்கிறாரு!

— தம்பி... அந்தத் தழை தின்கிற முயல் இப்ப எங்க?

— பின்னாடி வெங்காயம் உரிக்கிறாரு. இருங்க, கூப்பிடறேன். அவர் சொன்னாலாவது நீங்க...

— கூப்பிடாத!

— எதுக்குக் கத்துறீங்க?

— கறியை விட்டுடறேன். இன்னையிலேர்ந்து தொடல, போதுமா? எந்த ஆஸ்பத்திரிக்குச் சொல்றியோ வரேன். அவன் காதுக்கு மட்டும் இது போகவேண்டாம்.

— என்ன அண்ணி, காலையிலயே இவ்வளவு சத்தம்? அண்ணன் கறியை விடறேன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. உலகம் அழியப்போகுதா?

— நீங்களே கேளுங்க தம்பி. இவரோட ரத்த ரிப்போர்ட் வந்திருக்கு. பி.எஸ்.ஏ இருபத்தாறாம்.

— எந்த ரத்தம்? போன செவ்வாய்க்கிழமை லேப்லேர்ந்து வீட்டுக்கு வந்து எடுத்தாங்களே, அதுவா?

— அதேதான். எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்கல. இவர் ஓடி ஒளிஞ்சிடாம நீங்களாவது கூட இருங்கன்னு சொல்லிட்டுப் போனேனே.

— டேய், நீ உள்ள போ. அண்ணன் பாத்துக்கறேன்.

— நீங்க என்னத்தைண்ணே பாத்துக்குவீங்க?

— லேப்ல ஏதாவது தப்பு நடந்திருக்கும்டா. இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாம். நான் கூடவே வரேன்.

— கூட வரீங்களா? யாருக்குக் கூட? எடுக்க வேண்டியதே உங்களுக்குத்தானே? அண்ணனும் தம்பியும் ஏன் இப்படி ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறீங்க? எனக்குப் பயமா இருக்கு, வாயைத் திறந்து சொல்லுங்க.

— நாலு மாசமா ராத்திரி ஒண்ணுக்குப் போக அஞ்சு தடவை எழுந்திரிக்கிறேன் அண்ணி. நிறைய தண்ணி குடிக்கிறோம், அதனாலதான்னு இருந்துட்டேன்.

— உங்களை யாரு இப்ப...

— அன்னைக்கு ஊசியைப் பாத்ததும் அண்ணன் பயந்துட்டாரு. "நீ தழை தின்னிடா, உன் ரத்தம் சுத்தமா வரும், உங்க அண்ணி ஒரு வருஷம் நிம்மதியா இருப்பா"ன்னாரு. நானும் சிரிச்சுக்கிட்டே என் கையை நீட்டிட்டேன்.